சரீரமும் சாரீரமும்

மார்கழி மாதத்து விடியற்காலையில், கபாலீசுவரர் கோயில் தெற்கு மாட வீதியை விட்டுத் திரும்பி மந்தைவெளிப் பக்கமாக நடந்து செல்பவன், பனியோடும் காப்பிப் பொடியின் மணத்தோடும் ஒரு குரலையும் எதிர்கொள்ளாமல் போக முடியாது. தெருமுனைப் பிள்ளையார் கோயிலின் ஒலிபெருக்கியில் டி.எம். சௌந்தரராஜன் திருப்புகழ் பாடிக்கொண்டிருப்பார். அந்தச் சந்தத்தின் வேகம் காதைவிட்டு அகலும் முன்பே, அடுத்த தெருவின் தேநீர்க் கடை வானொலியில் அதே குரல், காட்டு வழியிலே துப்பாக்கியும் தொப்பியுமாகத் திரியும் ஒரு வாலிபனுக்காகக் காதல் பாட்டொன்று பாடிக்கொண்டிருக்கும். சென்ற மார்கழியில் எனக்கு வாய்த்த அனுபவம் இது. முதற் பாட்டு ‘அருணகிரிநாதர்’ படத்தில் வருவது. இரண்டாவது ‘வேட்டைக்காரன்’ படத்தில் வருவது. இரண்டு படங்களும் வெளிவந்தது 1964-ஆம் ஆண்டிலே. முன்னதில் பாடகரே அருணகிரியாராக நடித்தார். பின்னதில் அவருடைய குரல் மட்டும் எம்.ஜி.ஆருக்குச் சென்றது. முனிவர் வேஷத்துக்குச் சரீரத்தையும் சாரீரத்தையும் சேர்த்துக் கொடுத்த ஒருவர், குதிரைவீரன் வேஷத்துக்குச் சாரீரத்தை மட்டும் கொடுத்து நின்றதன் காரணம் என்ன என்பதே இக்கட்டுரையின் விசாரம்.

இந்தக் கேள்வி எழுவதற்கு அமெரிக்காவைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கவேண்டும். சென்னை ரசிகர்கள் ‘கௌபாய் படம்’ என்று அழைத்த அந்த ஜாதிப் படங்களிலே, அற்ப முதலீட்டில் எடுக்கப்பட்ட ஒரு கிளை, 1930-களின் நடுவிலிருந்து பாடகர்களையே கதாநாயகர்களாகக் கொண்டு செழித்தது. சிகாகோ வானொலியில் நாட்டுப்புறப் பாட்டுப் பாடிப் பெயர் பெற்றிருந்த ஜீன் ஆட்ரி, 1935-இல் ரிபப்ளிக் கம்பெனிக்காக ‘டம்பிளிங் டம்பிள்வீட்ஸ்’ படத்தில் குதிரையேறினார். அடுத்த வருஷம் டெக்ஸ் ரிட்டர் வந்தார். சம்பளத் தகராறில் ஆட்ரி விலகி நின்ற சமயம் பார்த்து, 1938-இல் ராய் ராஜர்ஸ் வந்தார். ஒரு மணி நேரத்துக்குச் சற்றே ஏறக்குறைய ஓடும் படம். ஓரிரு வாரங்களில் முடிந்துவிடும் படப்பிடிப்பு. ஊர் என்று சொன்னால் ஒரு தெரு, காடு என்று சொன்னால் கலிபோர்னியாவின் நாலு பாறைகள். நூறு மாடுகள் மிரண்டு ஓடுவதைக் காட்டப் பணம் வேண்டும்; தீப்பற்றி எரியும் ஊரைக் காட்டப் பணம் வேண்டும்; ஆனால் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு நெருப்பண்டை உட்கார்ந்து பாடும் ஒருவனைக் காட்ட, அந்த ஒருவனைத் தவிர வேறு செலவு இல்லை. வானொலியும் இசைத்தட்டும் அவனுக்கு முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்த ரசிகர் கூட்டம், விளம்பரச் செலவையும் மிச்சப்படுத்திற்று. பாட்டு அங்கே அலங்காரமாக வரவில்லை, சிக்கனமாக வந்தது என்பது என் அபிப்பிராயம். அந்த வழக்கத்தின் வாடை வெகு காலம் நீடித்தது. மார்ட்டி ராபின்ஸ் என்னும் புகழ்பெற்ற பாடகர் 1973-இலும்கூட ‘கன்ஸ் ஆஃப் எ ஸ்ட்ரேஞ்சர்’ என்றொரு எளிய படத்தில் துப்பாக்கியும் பாட்டுமாகத் தோன்றினார்.

பாடத் தெரியாதவனைக் குதிரையேற்றிப் பாட வைக்கும் முயற்சியும் அங்கே நடந்தது. பிற்காலத்தில் மேற்கத்திய வீரத்தின் விக்கிரகமாகவே ஆகிவிட்ட ஜான் வேன், 1933-இல் ‘ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி’ படத்தில் பாடும் குதிரைவீரனாக நடித்தார். வாய் அவருடையது, குரல் இன்னொருவருடையது. பொது நிகழ்ச்சிகளுக்குப் போன இடமெல்லாம் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு பாடச் சொல்லி நச்சரிக்கவே, இந்த வம்பு நமக்கு வேண்டாம் என்று அவர் அந்த வேஷத்தைக் கைவிட்டார் என்று சொல்வார்கள். அவருக்கு நேர்ந்த சங்கடம் நம் ஊர்க்காரனுக்கு விளங்கவே விளங்காது. எத்தனையோ ஆயிரம் பேர் கூடிய எத்தனையோ பொதுக்கூட்டங்களில் எம்.ஜி.ஆர். மேடையேறினார், அவர் பேசவேண்டும் என்று ஏங்கியவர்கள் உண்டு, கையசைத்தால் போதும் என்று மரத்தில் தொற்றிக்கொண்டு நின்றவர்கள் உண்டு, சினிமாவில் பாடிய அந்தப் பாட்டை இங்கே பாடுங்கள் என்று கேட்டவன் மட்டும் இல்லை. குரல் யாருடையது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே அது அவருடையதாகவும் இருந்தது. அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஏமாற்றமாகத் தோன்றியது தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு சம்பிரதாயமாகத் தோன்றிற்று.

ஆதியில் நமக்கும் நிலைமை இப்படி இல்லை. பேசும் படம் வந்த புதிதில் நடிகனின் முதல் யோக்கியதாம்சமே பாட்டுத்தான். சபை மேடையில் ஜமக்காளத்தின்மேல் அமர்ந்து பாடிய வித்வான்கள் பலர் அரிதாரம் பூசிக்கொண்டார்கள். முசிரி சுப்பிரமணிய ஐயர் 1938-இல் துக்காராமாக வந்தார், ஜி.என். பாலசுப்பிரமணியம் 1940-இல் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு ஜோடியாகத் துஷ்யந்தனாக நடித்தார். நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையே அதே ஆண்டு ‘காளமேகம்’ படத்தில் கவியாக வந்தார். இந்தப் பின்னிரண்டு படங்களையும் இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். தம் சொந்த நாட்டிலே பாடகர்கள் சேணத்தில் ஏறிக் கொண்டிருந்த அதே வருஷங்களில் அவர் இங்கே கர்நாடக சங்கீத வித்வான்களை ராஜாவாகவும் புலவனாகவும் ஆக்கிக் கொண்டிருந்தார் என்பதை நினைக்கையில், அந்த மனிதர் ஜி.என்.பி.யின் கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்துப் பார்க்க ஒரு கணமாவது ஆசைப்பட்டிருப்பாரோ என்று விளையாட்டாகத் தோன்றுகிறது. வேட்டைக்கு வந்த இடத்தில் காதல் கொள்ளும் துஷ்யந்தன் கதையிலும் காடும் வேட்டையும் வனத்துப் பெண்ணும் உண்டு.

ஆனால் தமிழிலே குதிரையும் பாடகனும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கூடிய தருணம் ஒன்று உண்டு. 1944-ஆம் வருஷத்துத் தீபாவளிக்கு வெளிவந்து, பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதாஸ்’ படத்தின் ஆரம்பத்தில், எம்.கே. தியாகராஜ பாகவதர் குதிரைமேல் ஆரோகணித்து, ஊர்ப் பெண்களை நோட்டமிட்டபடி பாடிக்கொண்டு வருகிறார். அலங்காரமான ஆடை, அலைபாயும் கிராப்பு, உதட்டிலே உல்லாசம், அத்தனைக்கும் மேலாகத் தமக்கே சொந்தமான அந்தக் கந்தர்வக் குரல். சரீரம், சாரீரம், குதிரை ஆகிய மூன்றும் ஒருவருக்கே உரியவையாக ஒரே சட்டத்துக்குள் அமைந்த அபூர்வக் காட்சி அது. அந்தப் படத்தின் பாடல்களை இயற்றிய பாபநாசம் சிவன் மயிலைவாசி. மோகினியாக வந்து பாகவதரை ஆட்டி வைத்த டி.ஆர். ராஜகுமாரி பிற்பாடு தியாகராய நகரில் தம் பெயராலேயே ஒரு கொட்டகை கட்டினார். அந்தக் குதிரைச் சவாரி நீடிக்காது என்பதும் கதையின் விதியாக இருந்தது. குதிரைமேலிருந்து பாடியவன் சிற்றின்பப் பிரியன். காலை இழந்து, கர்வம் அழிந்து, மண்ணில் தவழ்ந்து பாடும்போதுதான் அவன் பக்தன் ஆகிறான். உயர இருந்து பாடிய பாட்டு மோகம், கீழே விழுந்து பாடிய பாட்டு மோட்சம் என்ற இந்தக் கணக்கை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் உதவும்.

பாகவதருக்கு லட்சுமிகாந்தன் கொலை வழக்கு வந்ததும், சிறை சென்றதும், விடுதலையான பின் பழைய நட்சத்திரம் மறுபடி உதிக்காததும் பலரும் எழுதிவிட்ட விஷயங்கள். ஆனால் அவர் காலத்தின் முடிவுக்கு வழக்கு மாத்திரம் காரணமன்று. ஏ.வி. மெய்யப்பன் 1938-இல் எடுத்த ‘நந்தகுமார்’ படத்திலேயே, திரையில் தோன்றாத ஒருவரின் குரலைத் தோன்றியவருக்குப் பொருத்தும் பின்னணி முறை தமிழுக்கு வந்துவிட்டது. பத்தாண்டுகளில் அது பழக்கமாகி, பதினைந்தாண்டுகளில் அதுவே நியதியாயிற்று. பாட்டை முன்னதாகப் பதிவு செய்துவிட்டு, படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு, நடிகன் வாயசைத்தால் போதும் என்று ஆனவுடன், பாடத் தெரிந்த நடிகனைத் தேடும் அவசியம் முதலாளிகளுக்கு ஒழிந்தது. நம் சங்கீத பாஷையிலே குரலுக்குச் சாரீரம் என்று பெயர். சரீரத்தைச் சேர்ந்தது என்பது அதன் பொருள். அந்தச் சேர்க்கையைப் பிரித்து, குரலைத் தனியாக ஒரு பண்டமாக்கி, வேண்டிய சரீரத்தில் வேண்டியபோது ஏற்றலாம் என்று செய்தது ஒலிப்பதிவுக் கருவி. முழுப் படத்துக்கும் ஒரு பாடகனின் கால்ஷீட்டை வாங்குவதற்கு ஆகும் செலவெங்கே, ஒரு காலைப் பொழுது அவனை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைக்கும் செலவெங்கே! அமெரிக்க முதலாளி சிக்கனத்தை உத்தேசித்துப் பாடகனைக் குதிரையேற்றினான். நம் முதலாளி அதே சிக்கனத்தை உத்தேசித்து அவனை இறக்கிவிட்டான்.

இறங்கிய குரல் எங்கே போயிற்று என்று பார்த்தால், அதில் ஒரு வம்சாவளி தெரிகிறது. மதுரையில் பிறந்த சௌந்தரராஜன் பாகவதரின் பாணியைப் பின்பற்றிப் பாடியே வளர்ந்தவர். 1950-இல் வந்த ‘கிருஷ்ண விஜயம்’ படத்தில் அவர் பாடியதைக் கேட்பவர்கள் பாகவதரின் சாயலை உடனே உணர்வார்கள். எம்.ஜி.ஆரோ, பாகவதர் கதாநாயகனாகக் கொடிகட்டிப் பறந்த ‘அசோக்குமார்’ படத்தில் 1941-இல் ஒரு துணை வேஷத்தில் நின்றவர். பாகவதரின் சாரீரத்துக்கு வாரிசு ஒருவர், திரையில் அவர் வகித்த சிம்மாசனத்துக்கு வாரிசு வேறொருவர். இருவரையும் ஒட்டுப் போட்டுத்தான் அடுத்த தலைமுறை தனக்கொரு பாடும் வீரனைச் செய்துகொண்டது.

அந்த ஒட்டின் மேற்கத்திய உருவமே ‘வேட்டைக்காரன்’. சாண்டோ சின்னப்பா தேவர் காரியத்தில் கெட்டிக்காரர். குறித்த தேதியில் பூஜை, குறித்த தேதியில் வெளியீடு, இடையே ஒரு நாளும் வீணில்லை என்பது அவருடைய தொழில் தர்மம். 1964 பொங்கலன்று, பி.ஆர். பந்துலு பெரும் பொருளைக் கொட்டி, குருக்ஷேத்திரம் வரையில் போய், வர்ணத்தில் எடுத்த ‘கர்ணன்’ ஒரு பக்கம் வந்தது. மறுபக்கம் தேவர் கறுப்பு வெள்ளையில், தம் தம்பி திருமுகத்தை இயக்கச் செய்து, கே.வி. மகாதேவனின் பாட்டுகளையும் சாவித்திரியையும், கௌபாய்த் தொப்பியும் பூட்ஸும் அணிந்த எம்.ஜி.ஆரையும் துணைக்கொண்டு ‘வேட்டைக்காரனை’ நிறுத்தினார். மகாபாரதத்தின் மாபெரும் கொடையாளியின் எதிரே இந்தத் தொப்பிக்காரன் தாராளமாகத் தாக்குப் பிடித்தான். கதை உள்ளூர்க் குடும்பக் கதைதான். அமெரிக்கப் பாலைவனத்துக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம், தொப்பிக்கும் தலைக்கும் உள்ள சம்பந்தத்தைக் காட்டிலும் அதிகமில்லை. ஆயினும் காட்டு வழியில் பாடிச் செல்லும் ஒரு துப்பாக்கிக்காரனைத் தமிழ் ரசிகன் கண்ணாரக் கண்டு காதாரக் கேட்ட படம் அதுதான். அவன் கண்டவர் ஒருவர், கேட்டவர் ஒருவர்.

இப்போது ‘அருணகிரிநாதரு’க்கு வரலாம். குரலால் தமிழ்நாட்டையே ஆண்டுகொண்டிருந்த சௌந்தரராஜன், தாமே நடிக்கவேண்டும் என்று விரும்பிய போது, காதலனாக அல்ல, வீரனாக அல்ல, 1962-இல் பட்டினத்தாராகவும், 1964-இல் அருணகிரிநாதராகவும் தோன்றினார். ‘அருணகிரிநாதரை’ இயக்கியவர் ராஜகுமாரியின் சகோதரர் டி.ஆர். ராமண்ணா. அந்தக் கதையும் ஹரிதாஸின் கதையே: போகத்தில் புரண்டவன், அடிபட்டு, அழுக்கு நீங்கி, ஆண்டவன் பெயரைப் பாடுகிறான். கே.பி. சுந்தராம்பாள் 1953-இல் ஔவையாராக வந்ததும், சீர்காழி கோவிந்தராஜன் 1972-இல் அகத்தியராக வந்ததும் இதே பாதையிலே. பாடுகிறவனே நடிக்கிறான் என்று சொன்னால், அவன் அடியாராகவோ முனிவராகவோதான் வருவான் என்பது எழுதாத சட்டமாகிவிட்டது.

இதற்குத் தொழில்முறைக் காரணம் மட்டும் போதாது என்று எண்ணுகிறேன். இங்கே பாடகன் தன் முகத்தோடு, தன் வாயால், பலர் முன்னிலையில் பாடும் காட்சி எதை நினைவூட்டுகிறது? மயிலாப்பூர்ச் சபையில் தம்பூராவின் பக்கத்தில் அமர்ந்திருக்கும் வித்வானை. கோயில் பிராகாரத்தில் தேவாரம் சொல்லும் ஓதுவாரை. மார்கழிக் காலையில் பாபநாசம் சிவன் நான்கு மாட வீதிகளையும் சுற்றி நடத்திய பஜனையை. அமர்ந்திருப்பான், நின்றிருப்பான், மிஞ்சினால் நடப்பான். ஏறிச் செல்ல மாட்டான். தெருக்கூத்துக்காரன் குதித்துப் பாடுவதுண்டு; பொய்க்கால் குதிரைக்காரன் குதிரையையே இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடுவதுண்டு; அவர்களைச் சினிமாவின் கதாநாயக ஸ்தானத்துக்கு அழைக்க அந்நாளைய முதலாளிகள் யாரும் துணியவில்லை. டெக்ஸாஸ் மாட்டுக்காரனின் பாட்டு அவன் பிழைப்போடு ஒட்டிய பாட்டு என்று அமெரிக்கர் நம்பினார்கள், அல்லது நம்ப விரும்பினார்கள். நம் ஏற்றப் பாட்டுக்காரனும் வண்டிப் பாட்டுக்காரனும் பிழைப்போடு ஒட்டித்தான் பாடினார்கள். ஆனால் இசைத்தட்டுக் கம்பெனிகள் முதலில் தேடி வந்த வாசல் அவர்களுடையதன்று, வித்வானுடையதும் நாடக மேடைக்காரனுடையதும். இந்தப் பாரபட்சத்தின் நிழலே திரையிலும் விழுந்தது.

இனி ஜெய்சங்கர். மயிலாப்பூர் பி.எஸ். உயர்நிலைப் பள்ளியில் படித்து, நியூ காலேஜில் பட்டம் பெற்று, சோவின் விவேகா பைன் ஆர்ட்ஸில் மேடையேறிய இந்தச் சுறுசுறுப்பான இளைஞர், ‘வேட்டைக்காரன்’ வந்து சரியாக ஒரு வருஷம் கழித்து, 1965 பொங்கலுக்கு ‘இரவும் பகலும்’ மூலம் அறிமுகமானார். அதிலும் ஒரு வேடிக்கை: கதாநாயகனுக்குக் குரல் கொடுத்தவர் சௌந்தரராஜன், ஆனால் அதே படத்தில் நடிகர் அசோகன் தம் சொந்தக் குரலில் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார், அதுவும் சாவைப் பற்றிய தத்துவப் பாட்டு. சொந்தக் குரலில் பாடினால் வைராக்கியம்தான் வரும் என்ற விதி அங்கேயும் தவறவில்லை! வாரந்தோறும் ஒரு படம் வருகிறதோ என்னும்படியாக நடித்து ‘வெள்ளிக்கிழமை நாயகன்’ என்று பெயர் வாங்கிய ஜெய்சங்கர், சிறு முதலாளிகளுக்குக் கற்பகத் தருவாக இருந்தார். ‘கற்பகம்’ முதலிய குடும்பப் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்து பெயர் பெற்ற கர்ணன், தாமே இயக்கத்தில் இறங்கி, ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’ (1972), ‘ஜக்கம்மா’ (1972), ‘எங்க பாட்டன் சொத்து’ (1975) என்று வரிசையாக எடுத்த படங்களில், அசலான தமிழ் கௌபாய் ஜெய்சங்கரின் உருவத்திலே பிறந்தான்.

அதற்குள் உலகத்து மேற்கத்தியப் படமே மாறிவிட்டிருந்தது. 1964-இல் செர்ஜியோ லியோனி என்ற இத்தாலியர், ஸ்பெயின் தேசத்துப் பொட்டலில் குறைந்த செலவில் எடுத்த படத்திலே, வீரன் பாடுவது கிடக்கட்டும், பேசுவதே அபூர்வம்; அவனுக்குப் பதிலாக எங்கிருந்தோ ஒரு சீழ்க்கையும் கித்தாரும் பேசின. அந்தச் சங்கீதத்தை அமைத்தவர் என்னியோ மோரிக்கோனி. அதற்கும் முன்பே, 1952-இல் வந்த ‘ஹை நூன்’ படத்தில், காரி கூப்பர் மௌனமாகத் தெருவில் நடக்க, அவர் மனத்தின் பாட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் பாடியவர் பழைய பாடும் குதிரைவீரர் டெக்ஸ் ரிட்டரே! ஒரு காலத்தில் சேணத்தில் இருந்தவர் திரைக்குப் பின்னே போனார். அமெரிக்காவும் சுற்றி வளைத்துக்கொண்டு நம் அசரீரிப் பாட்டுக்கே வந்து சேர்ந்தது. பாட்டையும் வீரனையும் பிரித்துப் பழகிய தமிழ்நாட்டுக்கு இந்தப் புதிய ரகம் வெகு இயல்பாகப் பொருந்திற்று என்பதில் ஆச்சரியமில்லை. ‘மெக்கன்னாஸ் கோல்ட்’ சென்னையில் கண்ட வெற்றியைப் பழைய ரசிகர்கள் இன்றும் பேசுவார்கள். சென்னையிலிருந்தே அப்போது இயங்கிக் கொண்டிருந்த தெலுங்குப் பட உலகில், கிருஷ்ணா தம் பத்மாலயா நிறுவனத்தின் மூலம் 1971-இல் ‘மோசகாள்ளகு மோசகாடு’ படத்தை ராஜஸ்தான் பாலைவனத்துக்கே சென்று எடுத்து வந்தார். கர்ணனுக்கு அத்தனை வசதி இல்லை. ஆனால் அவர் ஒளிப்பதிவாளர். குதிரைக் குளம்படியில் எழும் புழுதிக்கு எந்தக் கோணத்தில் வெயில் படவேண்டும் என்று தெரிந்தவருக்கு, பாலைவனம் இல்லாத குறை பாதி தீர்ந்த மாதிரி. இசையமைத்த சங்கர்-கணேஷ் மீதியைக் கித்தாரால் நிரப்பினார்கள்.

கபாலி, காமதேனு, ராஜகுமாரி, அடையாறு ஈராஸ் முதலிய கொட்டகைகளின் காலம் அது. இவற்றில் பல இன்று கடைவளாகங்களாகவும் குடியிருப்புகளாகவும் உருமாறிவிட்டன. அங்கே ஓடிய அந்தக் கௌபாய்ப் படங்களின் கதையிலே விதவைத் தாய், பழிவாங்கும் மகன், சத்தியம், தாலி எல்லாம் நம்முடையவை. தொப்பி, இடுப்புத் தோல்வார், மதுச்சாலைக் கதவு மட்டும் அயல்நாட்டவை. இதை அசட்டுக் கலப்பு என்று சிரித்து ஒதுக்கும் விமரிசகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இத்தாலியன் அமெரிக்கனாக வேஷம் போட்டால் கலை, மயிலாப்பூர்க்காரன் போட்டால் அசட்டுத்தனமா?

1972-ஆம் வருஷத்தை மாத்திரம் தனியே எடுத்துப் பார்த்தால், நான் சொல்லி வந்த பிரிவினை அதன் உச்சத்தில் தெரிகிறது. ‘கங்கா’வில் ஜெய்சங்கர் துப்பாக்கியோடு குதிரையேறிய அதே ஆண்டில், ‘அகத்தியர்’ படத்தில் இராவணனுக்கும் முனிவருக்கும் நடக்கும் சங்கீதப் போட்டியிலே, அகத்தியராகச் சீர்காழி தம் சொந்தச் சரீரத்தோடு பாட, இராவணனாக நடித்த ஆர்.எஸ். மனோகருக்குச் சௌந்தரராஜன் குரல் கொடுத்தார். முனிவன் தானே பாடினான். வீரனுக்குக் குரல் இரவல். கதைப்படி தோற்றதும் இரவல் குரல்தான்.

பிற்காலத்துக் கௌபாய்கள் பரிகாசத்துக்கே பிறந்தார்கள். 1990-களில் தொலைக்காட்சி விளம்பரத் துணுக்காகத் தோன்றிய சைவ உணவுக் கௌபாய் ‘குவிக் கன் முருகன்’ 2009-இல் முழுப் படமானான். அடுத்த ஆண்டு சிம்புதேவன், ராகவா லாரன்ஸை வைத்து ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ எடுத்து, அதில் ஒரு கிராமத்துக்கு ஜெய்சங்கர்புரம் என்று பெயரிட்டார். பரிகாசத்தினூடே காட்டிய அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

சௌந்தரராஜன் தம் கடைசிக் காலம் வரையில் மந்தைவெளியிலே வாழ்ந்து, 2013 மே மாதத்தில் காலமானார். பத்தாண்டு கழித்து, 2023 மார்ச் மாதம் அவருடைய பிறந்த நாளன்று, மந்தைவெளி மேற்கு வட்டச் சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. சென்ற மார்கழியில் நான் நடந்து போனது அந்தச் சாலைக்குத்தான். பெயர்ப் பலகையின் கீழே ஒரு பால்காரர் தம் மோட்டார் சைக்கிளை ஒருக்களித்து நிறுத்தி, உறைகளை எண்ணிக்கொண்டிருந்தார். கைப்பேசியிலே வேட்டைக்காரனின் பாட்டு. அவர் வாய் அதற்கு அசைந்துகொண்டிருந்தது.